எத்தனை ஆள்?

மாமாவுக்காக ஊர்க்காரர்கள் நடத்திய நினைவுக் கூட்டத்தில் அழுகையைவிடச் சிரிப்புதான் அதிகம் கேட்டது. சலூன்காரர் மைக்கைப் பிடித்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"ஊர்ல ஒரு வீடு பாக்கியில்லாம பூட்டு மாட்டினவரு. ஆனா அவர் வீட்டுக் கதவு இருக்கே, தட்டிட்டு வாயைத் திறக்காம நின்னா போதும், ஓடி வந்து திறப்பாரு. 'என்னய்யா, திருடன் வந்தா என்ன பண்ணுவே?'ன்னு கேட்டேன். 'திருடன் தட்டிட்டு வர மாட்டான், நீ தாடையை ஒழுங்கா வழி'ன்னுட்டாரு."

அரங்கமே கொல்லென்று சிரித்தது. என் பக்கத்தில் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, வெயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா என் கணவரின் அப்பா. இளம் வயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்து, ஒரு போரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். வந்ததும் பேருந்து நிலையத்துக்கு எதிரே சாவிக் கடை போட்டார். சாவியை இறுக்கிப் பிடிக்க ஒரு பட்டறைப் பிடி, நாலைந்து அரம், கொக்கிகளில் வரிசையாகத் தொங்கும் வெட்டாத சாவிகள், அவ்வளவுதான் கடை. அவர் சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து பித்தளைத் தூள் மினுமினுவென்று தண்ணீரில் இறங்கும். அந்தத் தூளில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து கொடுத்தார், தொண்ணூறை எட்டிப் பிடித்தார். நான் மருமகளாக வந்த அன்று ஒரு அலமாரியைக் காட்டி, ஒற்றைச் சாவியைக் கையில் கொடுத்தார். "இதுக்கு மறுசாவி கிடையாதும்மா. என்கிட்டயே இல்ல. இந்த வீட்ல உனக்குன்னு ஒரு மூடின இடம் வேணும்ல?" அன்றைக்கு நான் அழுத அழுகை என் அம்மா வீட்டை நினைத்து என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கதவு தட்டப்பட்டால் உள்ளே இருப்பவர், "யாரு? எத்தனை ஆள்?" என்று கேட்க வேண்டும். வெளியே இருப்பவர், "நான்தான், ஒரு ஆள்" என்று சொல்ல வேண்டும். பட்டாளத்துப் பழக்கம். இப்போது வெளிநாட்டில் படிக்கும் என் மகளைப் பெற்றெடுத்து வீடு திரும்பியபோது என் கணவர் பழக்கதோஷத்தில் "ரெண்டு ஆள்" என்று சொல்லிவிட்டார். மாமா திறக்கவில்லை. "சரியா எண்ணுடா!" என்று உள்ளிருந்து சத்தம். "மூணு, மூணு!" என்று இவர் கத்தியதும் கதவு திறந்தது. மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் சட்டத்தின் மறுபாதிதான் யாருக்கும் புரியாதது. பதில் வந்தால் மெதுவாகத் திறக்கலாம். பதில் வராவிட்டால் உடனே ஓடிப்போய்த் திறக்க வேண்டும்.

கடையை அடைத்துவிட்டு வந்ததும் மாமா கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். விளக்கு வைக்கும் நேரத்தில் கதவில் மெல்ல ஒரு சத்தம் கேட்கும். விரலால் தட்டுவதுபோல இருக்காது. விரித்த உள்ளங்கையால் தட்டுவதுபோல, பொத்துப் பொத்தென்று இருக்கும். மாமா கேட்பார். பதில் இருக்காது. உடனே திறப்பார். வெளியே தெரு மட்டும் இருக்கும். அவர் தன் தலைக்கு மேலே, உயரமான யாரையோ பார்ப்பதுபோல அண்ணாந்து பார்ப்பார். பிறகு ஒதுங்கி வழிவிடுவார். கொஞ்ச நேரத்தில் நடையில் தொங்கும் பல்பு லேசாக ஆடும். "காத்து" என்று சொல்லி அதைப் பிடித்து நிறுத்துவார். பழைய மரக்கதவு, சூடு இறங்கும்போது முனகுகிறது என்றுதான் நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலை அத்தையை எங்களோடு நகரத்துக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. என் கணவர் கதவில் புதிய பூட்டு ஒன்றை முடுக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் அரத்தையும் திருப்புளியையும் வைத்துக்கொண்டே அந்த வேலையைச் செய்தார். முடித்துப் பூட்டிப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

"நான் வரலடா" என்றாள் அத்தை.

"அம்மா, திரும்ப ஆரம்பிக்காதே."

"சாயங்காலம் யாரு திறப்பா?"

"யாருக்கும்மா திறக்கணும்? அப்பாவோட அந்தக் கிறுக்கு அப்பாவோட போகட்டும்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "நீயாவது கேளு கண்ணு" என்று சொல்லி, பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாததைச் சொன்னாள்.

பட்டாளத்தில் மாமாவுக்கு ஒரு கூட்டாளி. நெட்டை என்றுதான் கூப்பிடுவார்களாம். எந்த வாசலிலும் தலையை இடித்துக்கொள்வானாம். மலை உச்சியில் ஒரு தகரக் குடிசையில் காவல். வெளியே உறைய வைக்கும் குளிர். செய்தி கொண்டுபோன நெட்டை திரும்பவில்லை. மாமா கதவுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்றார். பதில் வராத கதவைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு.

"யாரோ தட்டியிருக்காங்க. இவரு கேட்டிருக்காரு, யாரு, எத்தனை ஆள்னு. பதிலே இல்ல. திரும்பத் திரும்பத் தட்டுற சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்துல அதுவும் நின்னுடுச்சு. விடிஞ்சு திறந்தா, நெட்டை கதவுல சாஞ்சு உக்காந்திருக்கான். கழுத்துல குண்டு. பேசக் குரலே வந்திருக்காது அவனுக்கு."

என் கணவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"கல்யாணமான மறுநாளே என்கிட்ட சொல்லிட்டாரு. 'அவன் தினம் வருவான், நீ பயப்படக் கூடாது'ன்னு. நான் பயந்ததில்ல. அவர் போனப்புறம் நான்தான் திறக்கிறேன். நாளைக்கு இந்த வீட்டைப் பூட்டிட்டுப் போனா அந்தப் பையன் மறுபடியும் வெளியிலயே நிப்பானேடா."

"அம்மா..." என்று இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

கதவில் சத்தம் கேட்டது.

பொத்துப் பொத்தென்று இல்லை. விரல் முட்டியால், சுருக்கமாக, இரண்டு தட்டு. மாமா கடையிலிருந்து வந்தால் தட்டும் தட்டு.

இவர் அம்மாவைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தாள். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அந்த வீட்டில் கேட்காமல் விட்டதே இல்லை. நான்தான் கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல ஒலித்தது.

"யாரு? எத்தனை ஆள்?"

"நான்தான்" என்றது மாமாவின் குரல். கொஞ்சம் மூச்சு வாங்கிய குரல், மேடேறி வந்தவர்போல. "ரெண்டு ஆள்."

அத்தை எழுந்தாள். "திறடா" என்றாள்.

இவர் பையிலிருந்து சாவியை எடுத்தார். சாவி துவாரத்தைச் சுற்றிச் சுற்றிக் கீறியது. சாவிக்காரர் பிள்ளைக்குப் பூட்டைத் திறக்கத் தெரியவில்லை. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒருவழியாகத் திறந்தது.

வெளியே தெரு மட்டும் இருந்தது. எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று எங்கள் வாசலையே பார்த்தது. குரைக்கவில்லை. உள்ளே வந்த குளிர் எங்கள் ஊர்க் குளிர் இல்லை.

அத்தை முதலில் நேராகப் பார்த்தாள். முகம் கல்யாணப் பெண்ணைப்போலச் சிவந்தது. பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"வாங்கண்ணே" என்றாள். "குனிஞ்சு வாங்க, பல்பு இடிக்கும்."

பல்பு ஆடவில்லை. அதற்கு அடியில் ஏதோ கவனமாகக் கடந்து போனதுபோல, அதன் வெளிச்சம் மட்டும் ஒரு கணம் தணிந்து, பிறகு பிரகாசமானது. மாமாவின் நாற்காலி மெல்ல முனகியது. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல் சமையலறைக்குப் போனோம். அத்தை மட்டும் இரண்டு தம்ளரில் தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

விடிந்ததும் அத்தையே பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். "போகலாமா?" என்றாள். என் கணவர் கதவைப் பூட்டிச் சாவியை அவள் கையில் கொடுத்தார்.

அவள் வண்டியின் பின்கதவைத் திறந்தாள். உடனே ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஏறி, ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, முந்தானையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். முன்னால் என் கணவரும் நானும். பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் எவ்வளவோ இடம் இருந்தது.

வெளியூர் கிளம்பும்போதெல்லாம் மாமா கேட்பதுதான். இவர் அதைப் பழக்கதோஷத்தில்தான் கேட்டிருக்க வேண்டும்.

"எத்தனை ஆள்?"

"அஞ்சு" என்றாள் அத்தை.

இவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியை மட்டும் கையால் மெல்ல மேலே திருப்பிவிட்டு, வண்டியை எடுத்தார்.