சுவரில் மாட்டப்போகும் படி

பெரியவர் தொடங்கிய மென்பொருள் நிறுவனத்தில் நிர்வாகம் மகளிடம், சோதனைப் பிரிவு மருமகனிடம், கடைசி வார்த்தை அவரிடம். வேலை செய்யும் முறை எவ்வளவு தேறியிருக்கிறது என்று அளக்க மதிப்பீட்டாளர் அம்மா ஒருவர் வந்திருந்தார். முடிவை வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதாக ஏற்பாடு. அடுத்த வாரம் சம்பந்தி, அதாவது மருமகனின் அப்பா, அலுவலகத்தைப் பார்க்க வருகிறார்.

"ரெண்டு விதமா அளக்கலாங்க," என்றார் அந்த அம்மா. "முதல் மாதிரியில கம்பெனி மொத்தத்துக்கும் ஒரே படி. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும். ஒரு வேலை சொதப்பினாலும் எல்லாரும் கீழ்ப்படிதான். இன்னொண்ணுல ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் படி. அது ஜீரோலேர்ந்து ஆரம்பிக்கும்."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏற்கெனவே நிமிர்ந்துதான் இருந்தார். மருமகனின் பிரிவுதான் ஓட்டை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒருவரால் குடும்பத்துக்கே தலைகுனிவு வரலாமா? சம்பந்தி தன் பிள்ளையின் லட்சணத்தைத் தானே படித்துக்கொள்ளட்டும்.

"தனித்தனியாவே போடுங்க."

"அப்பா, கொஞ்சம் யோசிச்சு..."

"நம்ம வீட்ல சொன்ன சொல்லை மாத்துற பழக்கம் இல்லம்மா," என்று கையெழுத்துப் போட்டார்.

வாரக் கடைசியில் முடிவு திரையில் வந்தது. வடிவமைப்பு இரண்டு. சோதனை மூன்று. மருமகன் அடக்கமாகத் தரையைப் பார்த்தார். கடைசி வரி, 'தேவை மாற்றங்களைக் கையாளுதல்': ஜீரோ.

"இது யார் வேலை?"

மகளுக்குத் திடீரென்று மின்விசிறி மேல் அக்கறை பிறந்தது.

"வாடிக்கையாளர் போன்ல ஒரு மாத்தம் கேட்டதும், நீங்களே புரோகிராமர் மேசைக்குப் போய் வாயால மாத்திடுறீங்களாம் ஐயா. எங்கயும் பதிவே இல்லை," என்றார் மதிப்பீட்டாளர்.

"நான் சொன்னா போதாதா?"

"போதுது. அதுக்குத்தாங்க ஜீரோ."

 பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"குடும்பம்னா ஒண்ணாதான் நிக்கணும். மொத்தத்துக்கும் ஒரே படியா மாத்திப் போட்டுடுங்க."

"ஒண்ணாம் படிதான் வரும். பரவாயில்லைன்னா எழுதிக் குடுங்க ஐயா."

"அதான் வாயால சொல்றேனே!"

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார்.

பெரியவர் முதுகு வளையாமல் மருமகன் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, மாற்றத்துக்குன்னு ஒரு படிவம் தயார் பண்ணீங்களே, எங்க அது?"

"போன வருஷமே வேண்டாம்னுட்டீங்க மாமா."

"எழுத்துல சொன்னேனா?"

"இல்லை மாமா."

"அப்ப அது செல்லாது. கொண்டாங்க."

சம்பந்தி வந்த அன்று சுவரில் ஜீரோ அப்படியே இருந்தது. ஒரே படியாக மாற்றச் சொல்லி நிரப்பத் தொடங்கிய படிவத்தில் 'மாற்றத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் எழுதும்படியான எதுவும் பெரியவருக்குத் தோன்றவில்லை.