பெயிண்டரின் எடை

தன் நாட்டுப் படை அடுத்த நாட்டின் எல்லையைத் தாண்டிய அன்று காலை பெயிண்டருக்கு முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. சிமென்ட் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றபோது முந்தின நாளைவிட ஒன்பது கிலோ கூடியிருந்தான். தொப்பை போடவில்லை, கை பருக்கவில்லை, கால்சட்டை வழக்கம்போல இடுப்பில் தொளதொளவென்றுதான் கிடந்தது. எடை மட்டும் ஏறியிருந்தது. அவன் நாட்டிலிருந்து வந்து அந்த அயல்நாட்டுப் பட்டினத்தில் பிழைத்துக்கொண்டிருந்த நாலாயிரம் பேருக்கும் அன்று அதே ஒன்பது கிலோ. தையல்காரி உட்கார்ந்ததும் ஸ்டூல் முறிந்தது. பல் டாக்டர் ஒருவர் ஏறியதும் லிப்டில் மணி அடித்தது. உள்ளே இருந்தவர்கள் அவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊருக்குப் போன் போட்டுச் சொன்னபோது மனைவி சிரித்தாள். "நல்லா சாப்பிடுறீங்கன்னு சொல்லுங்க." அங்கே யாருக்கும் ஒரு கிராம்கூட ஏறவில்லை. நம் பிள்ளைகள் அமைதியை நிலைநாட்டப் போயிருக்கிறார்கள், அந்நாட்டு மக்கள் கைதட்டி வரவேற்கிறார்கள் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு ஊர் போன ஒருவன் அங்குள்ள விமான நிலைய வாசலைத் தாண்டியதும் பழைய எடைக்கு வந்துவிட்டான். வெளிநாட்டுத் தராசுகளை எதிரிகள் திருகி வைத்திருக்கிறார்கள் என்று மந்திரி விளக்கம் கொடுத்தார். அதை நம்பியவர்களில் ஒருவரும் வெளிநாட்டுக்குப் போனதில்லை.

பெயிண்டருக்குக் கூட்டாளி பட்டிக்காரன். சுவரில் பட்டி பார்த்துத் தேய்ப்பது அவன் வேலை. பின்னாலேயே பெயிண்டர் நிறம் அடித்துக்கொண்டு வருவான். இரண்டு கயிற்றில் தொங்கும் ஒரே பலகையில் ஆளுக்கொரு முனையாக ஆறு வருடம் நின்றவர்கள். படை நுழைந்தது பட்டிக்காரனின் நாட்டுக்குள். தொங்குபலகை வேலையில் ஒரு முறை உண்டு: உன் முனைக்கு நீ முடிச்சுப் போடக்கூடாது, எதிர் முனைக்காரன்தான் போடவேண்டும். தன் உயிருக்குக் கட்டுகிறவன் அவசரப்படுவான், அடுத்தவன் உயிருக்குக் கட்டுகிறவன் இழுத்துப் பார்ப்பான் என்பது மேஸ்திரிகளின் கணக்கு. கட்டிய முடிச்சைத் தொட்டுச் சோதிப்பது கூட்டாளியின் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

எடை ஏறிக்கொண்டே போனது. பாலம் தகர்ந்த வாரம் பதினாலு கிலோ, பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்த அன்று ஒரே மூச்சில் இருபத்திரண்டு. வானொலிக்குச் செய்தி வருமுன் பெயிண்டரின் முழங்காலுக்கு வந்துவிடும். மரத்தரை தாங்காது என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். கடைத்தெருவில் அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே பேச்சு நின்றது. பலகை சாயாமல் இருக்கப் பட்டிக்காரன் தன் முனையில் மணல் மூட்டை அடுக்கினான். முதலில் ஒன்று, பிறகு மூன்று.

"நானா மச்சான் சுட்டேன்? நான் இங்க உன் பக்கத்துலதானே நின்னுட்டிருக்கேன்."

"உன்ன யாரு கேட்டா? சுவத்தப் பாரு, ஒழுகுது."

"நீ கேக்காம இருக்கறதுதான்டா உறுத்துது."

"சரி, கேக்கறேன். மதியத்துக்கு என்ன கொண்டாந்த?"

மூன்றாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை பெயிண்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். நூற்று முப்பத்தொரு கிலோ. ஒன்பது மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் பலகை கயிறு கட்டத் தயாராகக் கிடந்தது. பட்டிக்காரனுக்குப் போன் வந்தது. கேட்டான், சட்டைப்பையில் வைத்தான், பெயிண்டரின் முனைக்கு வந்து முடிச்சுப் போட்டான், மூன்று தடவை இழுத்துப் பார்த்தான்.

"அக்கா வீடு இல்லையாம்," என்றான்.

"அக்கா?"

"வீட்லதான் இருந்தா."

மணல் அள்ளிவரக் கீழே இறங்கிப் போனான். அவனைத் தூக்கி வளர்த்தவள் அந்த அக்காதான் என்பது பெயிண்டருக்குத் தெரியும். தனியாக நின்று முடிச்சைப் பார்த்தான். கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே பார்த்தான். மறுபடி முடிச்சைப் பார்த்தான். நானாக இருந்தால் இப்போது எப்படிக் கட்டியிருப்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்தது போகவில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்பதற்குள் அவிழ்த்துத் தானே கட்டினான். ஆறு வருடமாக அவன் கை அறிந்தது எதிர் முனையை மட்டும்தான். இந்த முனையில் சுருக்கு மாறி விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை.

ஆட்கள் மேலிருந்து பலகையை இறக்கினார்கள். ஏழாவது மாடியில் நிறம் கலக்கப் பெயிண்டர் பலகையின் நடுவுக்கு வந்த நேரம் அவன் முனை கழன்றது. மணல் மூட்டைகள் அவனைத் தாண்டிச் சரிந்து போய்த் தரையில் வெடித்தன. பட்டிக்காரன் ஒரு கையால் தன் கயிற்றையும் மறு கையால் பெயிண்டரின் மணிக்கட்டையும் பிடித்துத் தொங்கினான்.

"ஆடாத மச்சான். மூச்ச மெல்ல விடு."

"விட்ருடா. தாங்க மாட்ட."

"வாய மூடு. பேசினா இன்னும் கனக்குற."

பட்டிக்காரனின் தோள் மூட்டு கழன்ற சத்தம் பெயிண்டருக்குக் கேட்டது. ஆறாம் மாடி ஜன்னல் வழியாக ஆறு பேர் சேர்ந்து உள்ளே இழுக்கக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை பிடி தளரவில்லை.

மேஸ்திரி கயிற்று நுனியைத் தூக்கிக் காட்டினார். "இந்த முனைய யாரு கட்டினது?" முறைப்படி யார் கட்டியிருக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். காலையில் வந்த போன் செய்தியும் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பட்டிக்காரன் கயிற்றில் இருந்த மடிப்பை வெகுநேரம் பார்த்தான்.

"நான் கட்டினா மடிப்பு இப்படி விழாதுங்க," என்றான். பிறகு பெயிண்டரைப் பார்த்தான். பெயிண்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றே பட்டிக்காரனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் நாட்டுக்காரர்கள் முடிச்சை இளக்கி விடுவார்கள் என்ற பேச்சு மாதத்துக்குள் பட்டினத்தின் எல்லாக் கட்டடங்களுக்கும் பரவியது. தொங்குபலகைப் பக்கம் அவர்களில் ஒருவரையும் யாரும் சேர்க்கவில்லை.

படை ஐந்தாம் வருடம் பேண்டு வாத்தியத்தோடு ஊர் திரும்பியது. எடை இறங்கவில்லை. நாலாயிரம் பேரும் பட்டினத்தின் தராசுகளும் அதற்குப் பழகிவிட்டார்கள். லிப்டுகளில் படை அனுப்பிய நாட்டுக்காரர் ஒருவரை இரண்டு பேராகக் கணக்கிடவும் என்று பலகை மாட்டியிருக்கிறது, யாரும் நின்று படிப்பதில்லை. பெயிண்டர் தரைத்தளச் சுவர்களுக்கு மட்டும் நிறம் அடிக்கிறான். தோளுக்கு மேல் கை தூக்க முடியாத பட்டிக்காரன், காம்பவுண்டுச் சுவர்களின் கீழ்ப்பாதியில் பட்டி பார்க்கிறான். மேஸ்திரி இன்னும் அதே கொட்டகையில்தான் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு தெரு தள்ளி. முடிச்சை அவிழ்த்துக் கட்டியது நான்தான் என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பெயிண்டர் பட்டிக்காரனுக்குத் தீர்க்கவேண்டிய கடன் இன்னும் பாக்கி.