ஆறு நிமிடத்தில் போன அக்கா பதவி

"மார்ச் 14, வியாழன். இன்று செய்தது: அலுவலகத்தின் எல்லாக் கணினிகளும் சர்வரிடம் நேரம் கேட்கும்படி வைத்தேன். மேலாளர் சொன்னபடி, சர்வர் மேலாளரின் கணினியிடம் கேட்கும்படி வைத்தேன். இன்று செய்த தவறு: 'எல்லாக் கணினிகளும்' என்பதில் மேலாளரின் கணினியும் சேர்ந்துவிட்டதோ என்று சந்தேகம். வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் சரிபார்க்கவில்லை. சிறிய தவறுதான். நாளைய வேலை: சரிபார்ப்பது."

இந்தச் சிறிய தவறால் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் தெருவைவிட ஆயிரத்து நானூற்று ஐம்பத்தாறு நாள் பின்தங்கிப் போனது. பின்தங்க ஆன வேலை நாட்கள் இருபத்தொன்று. நாட்குறிப்பை எழுதியவள் அங்கே கணினி இயக்குபவள். பகலில் தற்காலிக வேலை, மாலையில் நெட்வொர்க் வகுப்பு. செய்தது, தவறு, நாளைய வேலை என்று மூன்று தலைப்பில் தினமும் எழுத வேண்டும் என்பது வகுப்பின் விதி. மற்றவர்கள் 'தவறு: இல்லை' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவளுக்கு மட்டும் அந்தத் தலைப்பில் இடம் போதாது.

கணினியின் கடிகாரம் தானாக விட்டால் நாளுக்கு ஓரிரு நொடி பிசகும், வெளியே இணையத்தில் நேரம் சொல்வதற்கென்றே சர்வர்கள் இருக்கின்றன, மூன்றிடம் கேட்டால் ஒன்று பொய் சொன்னாலும் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவள் அதை மேலாளரிடம் போய்ச் சொன்னாள். "ஏம்மா, நம்ம ஆபீஸ் மணியை ஊர் பேர் தெரியாத எவன்கிட்டயோ போய்க் கேட்கணுமா? இருபத்தொன்பது வருஷமா இங்க நான் சொல்றதுதான் மணி" என்றார் அவர். ஆகவே சர்வர் அவர் கணினியைக் கேட்டது. அவர் கணினி சர்வரைக் கேட்டது. நீங்களே சொல்லுங்கள் என்று இது சொல்ல, இல்லையில்லை நீங்கள் சொல்லுங்கள் என்று அது சொல்ல, இரண்டும் மிகுந்த மரியாதையோடு ஒன்றுக்கொன்று காத்திருந்தன. அப்படிக் காத்திருந்த நேரம் கணக்கில் சேரவில்லை. அந்த அலுவலகத்தில் கோப்புகளும் அப்படித்தான் போய்வந்தன என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

முதல் நாள் ஒரு நிமிடம் தாமதம். மறுநாள் இரண்டு, அதற்கடுத்த நாள் நான்கு என்று ஒவ்வொரு நாளும் இரட்டித்தது. இரண்டாம் வாரக் கடைசியில், ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலைத் தாண்டினால் வெளியே மறுநாள் காலை, பால் வண்டி போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் வார நடுவில், உள்ளே ஒரு பகல் என்றால் வெளியே ஒரு வாரம். மாலையில் பூட்டிய பிறகு உள்ளே நேரம் நகரவில்லை. வேலை நேரத்துக்குப் பிறகு நகர அதற்கு அனுமதி கிடையாது. மேலாளரின் மனைவி டிபன் பாக்ஸோடு ஒரு பெட்டியும் கட்டிக் கொடுத்து, போனால் போன இடம் என்று அவரைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டார். ஜன்னலில் பகலும் இரவும் பழுதான ட்யூப்லைட் மாதிரி மின்னத் தொடங்கியதும், கண் கூசுகிறது என்று மேலாளர் திரை போடச் சொன்னார். ஏப்ரல் முப்பது அவர் ஓய்வு பெறும் நாள். தெருவில் அது வந்து போய்விட்டது, உள்ளே வரவில்லை. அதைப் பற்றி அவர் பேசவுமில்லை.

பொதுமக்களிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. இருபதாம் நாள் ஒருவர் மகளின் பிறப்புச் சான்றிதழுக்குக் காலையில் வந்து மாலையில் வாங்கிக்கொண்டு வெளியே போனார். வெளியே ஒரு வருடம் ஆகியிருந்தது. "பரவாயில்லையே, போன தடவை ஒன்றரை வருஷம் ஆச்சு" என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். பதிவேட்டில் எல்லா மனுவும் வந்த அன்றே முடிந்ததாக இருந்ததால், தலைமை அலுவலகம் விரைந்த சேவைக்கான பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியது. அதை மாட்ட ஆணி கேட்டு எழுதிய கடிதம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

தவறு எங்கே என்பது அவளுக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. திருத்த வேண்டுமானால் மேலாளரின் கணினியைத் தொட வேண்டும். தொட வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எழுத்தில் தவறை ஒப்புக்கொண்ட தற்காலிகப் பணியாளர் யாரும் மறுநாள் அந்த வாசலை மிதித்ததில்லை. ஆகவே பதினேழு நாள் நாட்குறிப்பில் ஒரே வரி: "நாளைய வேலை: மேலாளரிடம் சொல்வது." கையெழுத்து மட்டும் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே வந்தது.

அவளை உண்மையில் உலுக்கியது வீடு. தங்கை அவளைவிட நான்கு வருடத்துக்கு இரண்டு வாரம் குறைவாக இளையவள். அலுவலகத்தில் தற்காலிகமாக இருந்தவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நிரந்தரப் பதவி, அக்கா. ஜன்னலோரக் கட்டில், பீரோ சாவி, காரணம் சொல்லாமல் திட்டும் உரிமை எல்லாம் அந்தப் பதவியோடு வந்தவை. இருபதாம் நாள் முடிந்து வீடு திரும்பியபோது தங்கை பட்டப்படிப்பை முடித்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். வயது வித்தியாசத்தில் பாதி கரைந்திருந்தது.

"இன்னும் ஒரே ஒரு நாள் ஆபீஸ் போயிட்டு வா. அப்புறம் யாரு அக்கான்னு பார்க்கலாம்" என்றாள் தங்கை.

"பர்த் சர்டிபிகேட் இருக்குடி. நான்தான் மூத்தவ."

"உங்க ஆபீஸ் குடுத்ததுதானே? நல்லா நம்பிடுவேன்."

"சோத்தை முன்னால வச்சுக்கிட்டு வயசுக்கு அடிச்சுக்காதீங்க" என்றாள் அம்மா.

அன்று மாலை அவள் வகுப்புக்குப் போனாள். முன்பு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அவள் நோட்டைப் பார்த்து எழுதியவன் இப்போது கரும்பலகைக்கு முன்னால் நின்றான். அவன்தான் ஆசிரியர். "மூணு பேர்கிட்ட கேளுன்னு உன் நோட்டுலதான் காப்பி அடிச்சேன். நீயே கேட்கலியா?" என்றான். அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நாளைய நாள் இரண்டு வருடம். அதாவது, உள்ளே ஒரு மணி நேரம் என்றால் வெளியே மூன்று மாதம். ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது தங்கையும் அவளும் ஒரே வயது. போகாமலே இருக்கலாம்தான், ஆனால் தற்காலிகப் பணியாளர் ஒரு நாள் வராவிட்டால் மறுநாளும் வர வேண்டியதில்லை.

இருபத்தொன்றாம் நாள் ஒன்பது மணிக்கே கடிதத்தை நீட்டினாள். இடதுபக்கம் ஓரம் விடவில்லை என்று மேலாளர் திருப்பிக் கொடுத்தார். மூன்று மாதம் போனது. ஓரம் விட்டு எழுதிய கடிதம் தலைமை அலுவலகத்துக்குப் போனது. நகல் இல்லாமல் அனுப்பியது தவறு என்று இன்னொரு மூன்று மாதம். மதியச் சாப்பாட்டுக்கு அவர் வழக்கம்போல மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். நாலு மணிக்குத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார். அவள் வெளியிலிருந்து மூன்று நேர சர்வர்களைச் சேர்த்ததும், வித்தியாசம் மிக அதிகம், நம்மில் யாரோ ஒருவர் தவறு, அது யார் என்று மனிதர்களே சொல்லட்டும் என்கிற பொருளில் கணினி ஒரு செய்தி போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டது. வழி இரண்டு: ஒரே தாவலாகத் தாவலாம். அல்லது ஒரு நொடிக்கு அரை மில்லி நொடி வீதம் யாருக்கும் உறுத்தாமல் மெல்ல மெல்லச் சேரலாம்.

"மெல்லச் சேர்ந்தா எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார் மேலாளர்.

"ஏழாயிரத்துச் சொச்சம் வருஷம், சார்."

"அவசரம் ஒண்ணும் இல்லையேம்மா. நிதானமாவே பண்ணலாமே."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அவள் 'சரி சார்' சொல்லவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லாம் தயார். ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான். அமைப்பை ஒருமுறை சரிபார்த்தாள், சரியாக இருந்தது. மறுமுறை பார்த்தாள், சரியாகவே இருந்தது. விரல் பொத்தானுக்குப் போனது. 'எல்லாக் கணினிகளும்' என்பதில் மறுபடியும் மேலாளரின் கணினி சேர்ந்திருந்தால்? கையை எடுத்து, பட்டியலை முதல் வரியிலிருந்து மூன்றாம் முறை படித்தாள். எந்தத் தவறும் இல்லை. அழுத்தியபோது மணி ஐந்து.

நான்கு வருடத் தூசி ஒரே நொடியில் விழுந்தது. ஜன்னல் திரை வெளுத்தது. மேலாளரின் மேசைத் தட்டில் கடிதங்கள் கூரைவரை எழும்பிச் சரிந்தன. அவர் ஏழு முறை தும்மிவிட்டு, அவற்றுள் தன் ஓய்வு ஆணையைக் கண்டெடுத்து, முறைப்படி வரிசை எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். அவள் காலையில் கொடுத்த கடிதத்துக்கும் அங்கேயே பதில் கிடந்தது: தவறுகளை முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்; காலம் கடந்துவிட்டதால் தங்கள் தவறு ஏற்கப்படவில்லை. ஆகவே வேலை தப்பியது.

வீட்டில் தங்கை ஒன்பது நாள் மூத்தவளாகி ஜன்னலோரக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். பீரோ சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"என்ன, கூப்பிடு பார்க்கலாம்" என்றாள்.

"நாளைக்குக் கூப்பிடறேன்."

"சரி, சாப்பிட்டுட்டுத் தூங்கு. விளக்கை அணைக்க மறந்திடாதே. உனக்கு எதுவும் ஒழுங்கா ஞாபகம் இருக்காது" என்றாள். அந்தக் குரலில் நான்கு வருடப் பழக்கம் இருந்தது. அக்கம்பக்கத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ரேஷன் கார்டில் மட்டும் பெயர் வரிசை பழையபடி இருக்கிறது. மாற்ற மனுக் கொடுத்திருக்கிறார்கள்.

சாப்பிட்டுவிட்டு அவள் நாட்குறிப்பை எடுத்தாள். "இன்று செய்தது: நேரத்தைச் சரிசெய்தேன். இன்று செய்த தவறு: மூன்றாம் முறை சரிபார்த்தேன். நாளைய வேலை: காலையில் அவளை அக்கா என்று கூப்பிடுவது. அலுவலகம் திறந்ததும் மூன்று சர்வர்களோடும் மணி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒரு முறை மட்டும்."