நடுக்கத்தை விழுங்கிய பெல்லோஸ்

இரண்டாம் பம்புக்கு ரப்பர் பெல்லோஸ் மாட்டியதிலிருந்து, அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் யாருக்கும் உடம்பு நடுங்கவில்லை. கீழக்குயில்குடிக்கு மேற்கே உள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் அதுவரை பம்பு ஓடினால் குழாய் உதறும், போல்ட் கழலும், சுவர் விரியும். பொறியாளர் சூடாமணி பம்புக்கும் குழாய்க்கும் நடுவே அந்த முழ நீள ரப்பர் இணைப்பை வைத்தார். அதிர்வையெல்லாம் அது வாங்கிக்கொண்டது.

முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். கை நடுக்கத்தால் சலூனைப் பூட்டியிருந்த கருத்தக்கண்ணன் மறுபடி கத்தி எடுத்தார். மார்கழியில் ஜனங்கள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சாவகாசமாகத் தலை துவட்டினார்கள். மாசியில்தான் கோளாறு தெரிந்தது. சாமியாடி மலைச்சாமி உடுக்குச் சத்தத்துக்கு முன்னால் நட்ட கம்பாக நின்றார். சாமி வந்தது கண்ணில் தெரிந்தது, உடம்புதான் ஆடவில்லை. கூட்டம் கலைந்தது.

பம்பு ஆபரேட்டர் ஜெயபாண்டியின் மனைவி சுபலட்சுமிக்கு அப்போது ஏழாம் மாதம். வயிற்றில் பிள்ளை அசைவதை நிறுத்தியிருந்தது. ஸ்கேனில் இதயம் துடித்தது. காத்திருக்கச் சொன்னார் டாக்டர்.

“அந்த ரப்பரக் கழட்டுங்க,” என்றாள் சுபலட்சுமி.

“கழட்டுனா குழாய் பிச்சுக்கிரும். இம்புட்டு ஊருக்கும் தண்ணி நின்னுரும்.”

“நிக்கட்டும். எம்புள்ள அதுக்குள்ளதான் கெடக்கு.”

காலையில் ஜெயபாண்டி சூடாமணியை அழைத்துவந்து பம்பை நிறுத்தினான். அவர் ரப்பரின்மேல் கை வைத்தார். ஜுரக்காரன் நெற்றி போலச் சுட்டது. உள்ளே யார் யாருடைய நடுக்கமோ ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே ஒரு சின்னக் குதிகால் உள்ளங்கையில் உதைத்தது. இரண்டு பிள்ளை பெற்ற தாய்க்கு அந்த உதை தெரியாதா?

“அண்ணே, ஸ்பேனர எடுங்க,” என்றார்.

ஜெயபாண்டியின் பைக்கில், கழற்றிய ரப்பரை மடியில் அணைத்துக்கொண்டு அவரே பின்னால் உட்கார்ந்து வந்தார். சுபலட்சுமி அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். அலமாரிப் பாத்திரங்கள் கடகடத்தன. அவளுக்குப் பல் கிட்டியது. புடவை வியர்வையில் ஊறியது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாள்.

“உதைக்குது.”

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது.

ரப்பருக்குப் பதில் பழையபடி இரும்பை மாட்டி ஓட்டியதில் குழாய் உடைந்து, சுற்றுவட்டாரம் லாரித் தண்ணீருக்கு அலைந்தது. புது பெல்லோஸ் வந்தது. அதுவும் விழுங்கியது. ஆகவே இப்போது அமாவாசைக்கு அமாவாசை அதைக் கழற்றி வேப்பமரத்தடிப் பெஞ்சில், ஈரச் சாக்கின்மேல் வைக்கிறார்கள். ஜனங்கள் தொட்டு, நடுங்கிவிட்டு, வீட்டுக்குப் போகிறார்கள். யாருடைய நடுக்கம் யாருக்கு வரும் என்று சொல்ல முடியாது. செத்துப்போன ஒருவருடையது தனக்கு வந்துவிட்டதாக ஒரு டீச்சர் சற்று நேரம் அழுதார். கர்ப்பிணிகளுக்கு முதலிடம். மற்றவர்கள் காலிக் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். பம்பு ஓட எப்படியும் மத்தியானம் ஆகிவிடும்.