ஞாயிற்றுக்கிழமை ஆள்

என் மனைவி பாக்கியலட்சுமி என்னைத் தொட்டாற்சிணுங்கி என்பாள். திட்டுவதற்காக அல்ல, உள்ளதைச் சொல்வதுபோலச் சொல்வாள். பண்டார் ஹிலிரில் ரப்பர் வாங்கி விற்கிற ஒரு கடையில் நான் கிராணி. எடைச் சீட்டு எழுதுவது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி நான் சாலையோரன். அந்தப் பெயரில் சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றில் 'தினம் ஒரு முகம்' என்று நாள்தோறும் ஒரு பத்தி எழுதிவந்தேன். பெயரை வைத்தவர் ஆசிரியர். எழுதுவது நான்தான் என்பது பாக்கியத்தைத் தவிர, நாங்கள் குடியிருக்கிற காஜா பெராங்கில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

தெருவில் பார்த்த யாராவது ஒருவரைப் பற்றி எழுதவேண்டும், அவ்வளவுதான். தோல் தடித்தவனுக்கு அது சுகமான வேலை. எனக்கு அப்படி அமையவில்லை. உஜோங் பாசிரில் இருமிக்கொண்டே மீன் விற்கிற கிழவரைப் பார்த்தால் அன்று இரவு என் நெஞ்சு வலிக்கும். அவரை எழுதி அனுப்பிய பிறகும் அவர் என்னைவிட்டுப் போகமாட்டார். மறுநாள் மூன்று சக்கரப் பெச்சா மிதிக்கிறவர் ஒருவர் வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். இப்படியே தலைக்குள் ஒரு ஊரே கூடிவிட்டது.

அது போதாதென்று சுப்பையனின் முடிதிருத்தும் கடைக்கு வேறு போய்த் தொலைந்தேன். எங்கள் தெருமுனையில்தான் கடை. சாயங்காலம் பத்திரிகை வந்ததும் ஓய்வுபெற்ற தபால்காரர் கலியாணசுந்தரம் அங்கே உரக்கப் படிப்பார். வெட்டிக்கொள்ள வந்தவர்கள், வெட்டிக்கொண்டும் போகாதவர்கள் எல்லாரும் கேட்பார்கள். 'தினம் ஒரு முகம்' முடிந்ததும் ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்வார்கள். மூலை பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். "இன்னைக்குச் சுமார்தான்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. "நல்லாருக்கு" என்றாலும் தொல்லைதான், நாளைக்கு என்ன செய்வேன் என்று பயம் பிடித்துக்கொள்ளும். துணிக்கடை அலாவுதீன் ஒருநாள் நடுவில் கொட்டாவி விட்டார். அந்த மனிதர் அதை அப்போதே மறந்திருப்பார். நான் ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். போகாமல் இருந்திருக்கலாமே என்றால், அது என்னால் முடியாது.

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம் வருகிற வருஷம் வேறு. பத்தியைப் பெரிதாக்குங்கள், உற்சாகமான முகங்களாக எழுதுங்கள் என்று ஆசிரியர் எழுதினார். ஊரெல்லாம் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, கடையில் எடைச் சீட்டை வைத்துக்கொண்டு நான் காரணமில்லாமல் அழுதேன். முதலாளி லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரியில் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். எதையாவது குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

எதைக் குறைப்பது என்று பாக்கியம் முடிவு செய்தாள்.

"வாரத்துக்கு ஒண்ணு போதும். அந்தக் கடைப் பக்கமே போகக்கூடாது. பேப்பரும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. மொதல்ல ஒங்க மூஞ்சியக் கண்ணாடியில பாருங்க. ஊரு மூஞ்சிய அப்புறம் பார்க்கலாம்."

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எழுதுகிறேன் என்று ஆசிரியருக்குத் தெரிவித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மற்ற நாள்களை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

பொய் சொல்லக்கூடாது, குறைத்தது நல்லதாகத்தான் இருந்தது. தூக்கம் வந்தது. ரசம் ரசமாக ருசித்தது. வாரம் முழுக்க ஒரே முகத்தோடு இருந்து, அவசரமில்லாமல் எழுதினேன். அதற்கு முன்னால் அவ்வளவு நன்றாக நான் எழுதியதே இல்லை. அதோடு உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது. சுப்பையன் கடையில் வாரம் முழுக்கக் காத்திருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று. படுத்தபடி அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொள்வேன். அந்த ஆசையில்தான் நான் தேறினேன் என்று இப்போது தெரிகிறது.

மெர்டேக்கா வந்து போயிற்று. முகச்சவரம் வீட்டிலேயே செய்துகொண்டேன், ஆனால் தலைமயிர் காதை மூடிவிட்டது. "சாமியார் மாதிரி இருக்கீங்க, போய் வெட்டிக்கிட்டு ஒடனே வந்துருங்க" என்று பாக்கியமே அனுப்பினாள். அன்று புதன்கிழமை.

"வாங்க கிராணி, ஆளையே காணோமே" என்றார் சுப்பையன். "கலியாணசுந்தரம் மூவார்ல மக வீட்டுக்குப் போயிட்டாரு. படிக்க ஆளில்லாம ஒரே சூசா, கஷ்டமாப் போச்சு. நீங்க படிங்களேன்."

பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டார். புதன்கிழமைதானே, நம்முடையது இருக்காது என்ற தைரியத்தில் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் 'தினம் ஒரு முகம்' இருந்தது. கீழே சாலையோரன் என்று போட்டிருந்தது.

"அதத்தான் மொதல்ல படிங்க" என்றார் அலாவுதீன்.

படித்தேன். பயணிகளுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும்போது பாடிக்கொண்டே இருக்கிற ஒரு பஸ் கண்டக்டரைப் பற்றி. நான் எழுதியது அல்ல. யார் எழுதியதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடை முழுக்கச் சிரித்தது. சுப்பையன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மோசமாக இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். நன்றாக இருந்தது. படிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"முந்தியெல்லாம் இந்த ஆளு படிக்கிறவன அழவச்சே கொல்லுவாரு" என்றார் அலாவுதீன். "ஏதோ சீக்குல இருந்திருப்பாரு போல. இப்பக் கொணமாயிட்டாரு. தெனமும் மனசுக்கு எதமா எழுதுறாரு."

"ஞாயித்துக்கிழம மட்டும் சரியில்ல நானா" என்றார் சுப்பையன்.

"அது இவரு எழுதுறதே இல்லப்பா. அன்னைக்கு இவருக்கு லீவா இருக்கும். வேற எவனோ பழைய மாதிரியே அழுது வச்சிர்றான். இவரு பேர வச்சுக்கிட்டு இவரு பேரையே கெடுக்கிறான்."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். நான்தான் சாலையோரன் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நம்பியிருந்தாலோ அதைவிடக் கேவலம், அத்தனை பேரும் என்மேல் பரிதாபப்பட்டிருப்பார்கள். பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"கிராணி, ஒங்களுக்கு எழுத்து நல்லா வருமே" என்றார் அலாவுதீன். "பத்திரிகைக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. ஞாயித்துக்கிழமையும் சாலையோரனையே எழுதச் சொல்லுங்க, அந்த அழுமூஞ்சிய நிப்பாட்டச் சொல்லுங்க. நாங்க கையெழுத்துப் போடுறோம்."

சுப்பையன் ரேடியோவுக்குப் பின்னாலிருந்து தாள் எடுத்துக் கொடுத்தார். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், என்னிடம் இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. பெஞ்சில் வைத்து எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்தி எங்கே இழுக்கிறது, எந்தச் சோகம் வலிந்து வரவழைத்தது என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அடித்துத் திருத்தாமல் எழுதி, உரக்கப் படித்தும் காட்டினேன். கடை அசையாமல் கேட்டது. இரண்டு வருஷத்தில் என் எழுத்தை அவர்கள் அப்படிக் கேட்டதே இல்லை.

"சரியாச் சொல்லிட்டீங்க கிராணி" என்று அலாவுதீன் முதலில் கையெழுத்துப் போட்டார். வரிசையாகப் போட்டார்கள். எனக்கும் இடம் விட்டிருந்தார்கள். மாணிக்கவாசகம் என்று போட்டேன். தபாலில் சேர்க்கிற வேலையும் என்னுடையதே ஆயிற்று. போகிற வழியில் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை, பெட்டியில் போட்டேன். சாலையோரன் பேரைக் கெடுக்கிறவன் ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறவன்தான் என்று அவர்கள் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம்.

வீட்டுக்கு வந்தேன். பாக்கியம் என் தலையைத் திருப்பிப் பார்த்து, வெட்டு நன்றாயிருக்கிறது என்றாள். இந்த வாரம் யாரைப் பற்றி என்று கேட்டாள்.

"இனிமே எழுதவேண்டியதில்ல பாக்கியம். அதையும் விட்டாச்சு."

"நெசமாவா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இதத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன். இப்பத்தான் ஒங்களுக்குப் புத்தி வந்திருக்கு. இனி பாருங்க, ஒடம்பு எப்படித் தேறுதுன்னு."

சாப்பிட உட்காரச் சொன்னாள். இரண்டாவது தடவையும் சோறு போட்டாள். எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.