சிவப்புப் பெயிண்டுக்கு அடியில்

அறுபதைத் தொட்டால் விக்ரமின் ஜீப் நடுங்கும். ஐம்பத்தைந்து வரை சமர்த்தாக வரும். அறுபதில் சீட்டுக்கு அடியில் ஒரு குடைச்சல் கிளம்பி, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி மூன்றாகத் தெரியும். ஆவடியில் ஃப்ளாட் வாங்கிய ஐ.டி. பிள்ளை விக்ரம் ஆசைப்பட்டு மூன்று அங்குலம் உயர்த்தச் சொன்ன வண்டி அது. உயர்த்திக் கொடுத்தது திருமுல்லைவாயிலில் பட்டறை வைத்திருக்கும் அமல்ராஜ். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

இது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. வண்டியை உயர்த்தினால் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் நீளம் பற்றாது. அதை நீட்டி, சுழலவிட்டு, எடை கூடின பக்கம் குறைந்த பக்கம் பார்த்து பேலன்ஸ் செய்ய அமல்ராஜுக்கு ஒரே ஆள்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் சம்பத். ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்ச். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட இருவரும் சேர்ந்தே போனவர்கள். சம்பத் செய்துகொடுத்த ஷாஃப்ட் வந்தது, மாட்டியாயிற்று, வண்டி நடுங்கியது.

அமல்ராஜ் டயரை மாற்றிப் பார்த்தான். ரிம் கோணலா என்று பார்த்தான். ஷாஃப்ட் முனைகளில் மூட்டாக இருக்கும் கிராஸைப் புதிதாகப் போட்டான். கியர்பாக்ஸுக்கு அடியில் தகடு வைத்துச் சாய்வைக்கூடச் சரிசெய்தான். எதற்கும் மசியவில்லை. விக்ரம் தினமும் வந்து நின்றான். எட்டாவது நாள் அமல்ராஜ் போனை எடுத்தான்.

"உன் பேலன்ஸிங்ல கோளாறு கீது சம்பத்து."

"கொண்டா மாமே, பாக்கறேன். மாட்டறதுக்கு முன்னாடி நடுவுல பிரிச்சியா?"

அவ்வளவுதான் கேட்டான். அமல்ராஜுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "உன் தப்ப மறைக்க என்னிய கேக்கறியா? திரும்ப உன்கிட்டயே குடுத்து ஏமாற சொல்றியா?" என்று போனை வைத்தான். வைத்த சூட்டோடு, அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் உள்ள மெக்கானிக்குகள் இருக்கும் வாட்ஸப் குரூப்பில், சம்பத்திடம் யாரும் ஷாஃப்ட் கொடுக்காதீர்கள் என்று வாய்ஸ் மெசேஜ் போட்டான். சம்பத் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் குரூப்பைவிட்டு வெளியேறினான். நாலு மாதத்தில் பட்டறையை மூடிவிட்டான் என்று கேள்விப்பட்டபோது, 'வேலை தெரியாதவனுக்கு எதற்குப் பட்டறை' என்று சொன்ன ஆள்தான் இந்த அமல்ராஜ்.

விக்ரம் ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டப் பழகிக்கொண்டான். போன வாரம் கிளட்ச் தேய்ந்துபோய் வண்டி மறுபடி வந்தது. கிளட்சை மாற்ற ஷாஃப்ட்டை இறக்க வேண்டும். இறக்கிய ஷாஃப்ட்டில் துரு ஏறியிருக்க, அமல்ராஜ் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். சிவப்புப் பெயிண்ட் உதிர்ந்தது. ஷாஃப்ட்டின் இரண்டு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று சொருகுகிற இடத்தில், பஞ்ச் வைத்து அடித்த புள்ளி ஒன்று தெரிந்தது. பிரித்தால் இதே இடத்தில் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் பேலன்ஸ் போய்விடும் என்பதற்கு சம்பத் வைக்கிற அடையாளம். அடுத்த பாதியில் அதன் ஜோடிப் புள்ளி நேரெதிரே இருக்கவேண்டும். இரண்டு விரல்கடை தள்ளி இருந்தது.

சிவப்பு, விக்ரம் கேட்ட கலர். உயர்த்திய வண்டியில் அடியில் தெரிந்தால் கெத்தாக இருக்குமாம். அதற்காக ஷாஃப்ட்டைப் பிரித்ததும், புள்ளியின் மேலேயே பெயிண்ட் அடித்ததும், கண்ணளவில் சொருகியதும் அமல்ராஜின் இதே கைகள். பிரித்ததை அவன் சுத்தமாக மறந்துபோயிருந்தான். பொய் சொல்லியிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

கிளட்ச் வேலை முடிந்ததும் புள்ளிக்குப் புள்ளி வைத்து மாட்டினான். பத்து நிமிஷ வேலை. வெளிவட்டச் சாலையில் ஏறினான். அறுபது. எண்பது. கண்ணாடியில் லாரி ஒன்றே ஒன்றாகத் தெரிந்தது. அமல்ராஜ் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதான்.

அப்படியே நெமிலிச்சேரிக்கு விட்டான். ஸ்டேஷன் பக்கத்து பைக் ஸ்டாண்டில் சம்பத் டோக்கன் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது, அடித்தாலும் நிற்பது என்று முடிவோடு போனான். நட்பு திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

"வா மாமே," என்றான் சம்பத், நேற்றுப் பார்த்தவனைப்போல. பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

அமல்ராஜ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பெயிண்ட், புள்ளி, இரண்டு விரல்கடை. "என்னால உன் கஸ்டமருங்க எல்லாம் போயிட்டாங்க. உன் பொழப்புல மண்ணு போட்டேன்," என்றான்.

சம்பத் புரியாமல் பார்த்தான்.

"கஸ்டமரு யாரும் போவலியே. வந்துகினுதான் இருந்தாங்க. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

"ஏன்?"

"உன் போன் வந்த அப்புறம் எனக்கே பயம் வந்துட்ச்சு. கண்ணு போயிட்ச்சான்னு டாக்டராண்ட காட்னேன், நல்லா கீதுன்னாரு. மெஷின்ல எத்தினி வாட்டி வச்சாலும் சரியாதான் காட்டுது. ஆனா நீ கோளாறுன்னு சொல்லிட்டியே. அப்ப மெஷினும் பொய் சொல்லுது, என் கையும் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன்." டோக்கன் கட்டைக் கீழே வைத்தான். "அப்ப சரியாதான் இருந்துச்சா?"

"இருந்துச்சுடா."

"மெஷின பழைய இரும்புக்கு போட்டுட்டேன் மாமே. ஒருத்தன் அத வெலைக்கு வாங்கிக்கறேன்னு கேட்டான். கெட்ட மெஷின குடுத்து, அவனாண்ட வர்ற வண்டியும் ஆடினா பாவம்னு குடுக்கல. நின்னு ஒடச்சிதான் வண்டில ஏத்தினேன்."

திட்டு வாங்க வந்தவனுக்கு அது கிடைக்கவில்லை.

"என்னிய நாலு அறை அறையேன்டா," என்றான் அமல்ராஜ்.

"எதுக்கு? நீ சொன்னா தப்பா இருக்காதுன்னு நான்தானே நம்புனேன்."

ரயில் வந்து நின்றது. இறங்கியவர்கள் அவசர அவசரமாக ஸ்டாண்டுக்குள் நுழைந்தார்கள். சம்பத் எழுந்து வாசலுக்குப் போய், ஒவ்வொருவரிடமும் டோக்கனை வாங்கி, வண்டி நம்பரோடு இரண்டு தடவை ஒத்துப் பார்த்து அனுப்பினான். வரிசையில் இருந்த ஒருவர் "ஒரு தடவை பாத்தா போதாதா?" என்று சலித்துக்கொண்டார். "என் கண்ணு கொஞ்சம் சரியில்லிங்க," என்றான் சம்பத்.