மிளகாய்க் குச்சியும் மாடித் தளமும்

வீட்டை இடித்துக் கட்டுவதில் மனித குலம் இத்தனை காலம் சொதப்பி வந்ததற்கு ஒரே காரணம், அந்த வேலை தன் கைக்கு வராததுதான் என்று ஹெண்டார்தோ நம்பினார். பொறுப்போடுதான் நம்பினார். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் அவர் திட்ட மேலாளர். பிஸ்கட்டை உடையாமல் ஏற்றி இறக்கத் தெரிந்தவருக்குச் செங்கல் என்ன பெரிய விஷயம்?

முன்னறைச் சுவர் முழுக்க ஓர் அட்டவணை ஒட்டினார். ஓடு இறக்க மஞ்சள், கம்பி கட்ட நீலம், மாடித் தளம் போடச் சிவப்பு. கொத்தனார்கள் கிராம்புச் சிகரெட் பிடிக்கக்கூடச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் இருந்தது. மேஸ்திரி கிமான் அதை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுக்காரரை மரியாதையாக 'பாக்' என்றும் வீட்டம்மாவை 'இபு' என்றும்தான் அவர் கூப்பிடுவார்.

"அழகா இருக்கு பாக். பாத்திக் துணியில அடிக்கலாம்."

சிவப்புக் கட்டம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தது. அதை நகர்த்த வழியில்லை. திங்கட்கிழமை பக்கத்து வீட்டுக் கல்யாணப் பந்தல் சந்து முழுவதையும் அடைத்துவிடும், கான்கிரீட் லாரி உள்ளே வராது. பந்தலைப் பிரிப்பதற்குள் மழைக்காலம் பிடித்துக்கொள்ளும். படுக்கையறை ஓடுகளை ஏற்கெனவே இறக்கியாயிற்று. குடும்பமே அட்டவணைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெய்து சிமெண்ட் கரைந்தால், மழைக்காலம் பூராவும் அங்கேயேதான்.

சனிக்கிழமை வேலை முடிந்து கை கழுவும்போது கிமான் கேட்டார்: "குச்சி நட்டுடலாமா பாக்?"

"என்ன குச்சி?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே. கறி சுடுற சாத்தே குச்சியில செவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி மண்ணுல நட்டா, மழை வேற பக்கம் போயிரும்."

"மழைக்குச் சம்பால் சட்னி அரைக்கிறீங்களா?" ஹெண்டார்தோ போனை நீட்டினார். "சாட்டிலைட் சொல்லுது, பாருங்க. மழைக்கு வாய்ப்பு பத்து சதவீதம்."

"அந்தப் பத்து எத்தனை மணிக்கு வரும்னு போட்டிருக்கா?"

ஹெண்டார்தோவின் மனைவி சுலஸ்திரி காபியோடு வந்தாள். "அதெல்லாம் சரி, யாரு நடுறது? வீட்டுல கடைசியாப் பொறந்தவங்கதான் நடணும். நான் மூத்தவ. நான் நட்டா மழை நின்னு வேடிக்கை பாத்துட்டுப் பெய்யும்."

"நானும் மூத்தவன்தான் இபு. எங்க ஆளுங்கள்ல ஒரு கடைக்குட்டி இருந்தான், பல்வலின்னு ஊருக்குப் போயிட்டான்."

இருவரும் ஹெண்டார்தோவைப் பார்த்தார்கள். அவர் அம்மாவுக்கு ஒன்பது பிள்ளைகள். இவர் ஒன்பதாவது.

"நான் மேனேஜர்," என்றார் அவர்.

"பொறக்கும்போதே சொல்லிட்டா பொறந்தீங்க?" என்றாள் சுலஸ்திரி.

படித்தவர்கள் இப்படி மிளகாயை நம்பிக்கொண்டிருந்தால் நாடு எப்படி உருப்படும் என்று ஹெண்டார்தோ காபி ஆறும்வரை பேசினார். குச்சி நடப்படவில்லை.

ஞாயிறு காலை, கைகொடுக்கத் தெருக்காரர்கள் வாளியோடு வந்து சேர்ந்தார்கள். சந்து முனையில் கான்கிரீட் லாரி உருளையைச் சுழற்றிக்கொண்டு நின்றது. வடக்கே தெரியும் மெராபி எரிமலையைக் காணவில்லை. மலை இருந்த இடத்தில் கரிபிடித்த சட்டியைக் கவிழ்த்தாற்போல் மேகம். ஹெண்டார்தோ போனைப் பார்த்தார். நாற்பது சதவீதம். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். அறுபது.

"ஊத்தலாமா பாக்?" மேலேயிருந்து கிமான் குரல் கொடுத்தார். "ஆரம்பிச்சா பாதியில நிறுத்த முடியாது."

"கொஞ்சம் இருங்க. பின்னாடி சாக்கடை வாட்டம் பாக்கணும்."

"அட்டவணையில இல்லியே பாக்."

ஹெண்டார்தோவின் காதில் அது விழவில்லை. அடுக்களையில் சுலஸ்திரி வேலையாட்களுக்கு வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் காய்கறிக் கூடையருகே போய் நின்றார். அவள் திரும்பவில்லை.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. சாக்கடை பாக்கப் போறேன்."

"சாக்கடைக்கு மூணு மிளகாய் போதும். வாடினதை எடுக்காதீங்க. குச்சி மேல் தட்டுல இருக்கு."

ஒரே அளவில் மூன்று மிளகாயும் மூன்று வெங்காயமும் பொறுக்கி எடுக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பின்பக்கம் பப்பாளி மரத்தின் மறைவில் உட்கார்ந்து, ஒன்று விட்டு ஒன்றாகக் குத்தி, குச்சியை ஈர மண்ணில் நட்டார். யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு சுவரோரம் கிடந்த கொத்தனாரின் ரசமட்டத்தை எடுத்துக் குச்சியோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்.

குச்சி சற்றே கிழக்கே சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்தார்.